அரை மூச்சு பின்னால்

ஆகஸ்ட் 11

பேசக் கூடாதாம். குரல்நாணில் வீக்கம், மூன்று வாரம் வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாடக் கூடாது என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். பேசாமல் எப்படி இருப்பது? பாடகி பங்கஜவல்லிக்குப் பாட்டு பாதி, வாய் பாதி என்பது சபாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சொல்ல வேண்டியதையெல்லாம் உள்ளேயே வைத்திருந்தால் வெடித்துவிடுவேன். அதற்குத்தான் இந்த டயரி. போன வருடம் ஒரு சபாவில் பொன்னாடையோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் தமயந்தி வந்தாள். இருபத்தொரு வருடமாக என் கச்சேரிகளுக்கு வயலின் வாசிக்கிறவள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, ஒரு டிரஸ்ட்ல கேட்டிருக்காங்க. வயலின், வயோலா, செல்லோன்னு முப்பது பேர் வாசிக்கிற மாதிரி நாப்பது நிமிஷத்துக்கு ஒரு இசை எழுதணுமாம். ஜனவரியில அரங்கேற்றம். தனி வயலின் நானே வாசிக்கணுமாம். ஒத்துக்கட்டுமாக்கா?"

டிசம்பர் சீசனைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு இது என்ன கூத்து என்று கேட்க நாக்கு துடித்தது. டாக்டர் முகம் ஞாபகம் வந்தது. கையை ஆட்டினேன். வேண்டாம் என்றுதான் ஆட்டினேன். அவள் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு, காலில் விழுந்து எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்ட் 17

அதிமதுரக் கஷாயம், வெந்நீர், மௌனம். எழுந்ததிலிருந்து இதுதான்.

தமயந்தி எனக்கு முதல்முறை வாசித்தது நாகப்பட்டினத்தில். வர வேண்டிய வயலின்காரருக்குக் காய்ச்சல். உள்ளூரில் ஒரு பெண் இருக்கிறாள், சுமாராக வாசிப்பாள் என்று அழைத்துவந்தார்கள். ஒல்லியாக, தலையில் எண்ணெய் வழிய, பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். நான் ஆலாபனையை ஆரம்பித்ததும் என் குரலுக்கு அரை மூச்சு பின்னால் அவள் வில் வந்தது. முந்தவும் இல்லை, தங்கவும் இல்லை. நான் மூச்சு எடுக்கிற இடத்தில் அந்த இடைவெளியை அவள் மூடினாள். கேட்டவர்களுக்கு நான் மூச்சே விடாமல் பாடியதுபோல் இருந்திருக்கும். அன்றைய கைதட்டல் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன். பாடகி என்றால் அப்படித்தான்.

பாடகர் ஆலாபனை செய்து முடித்ததும் வயலினுக்கு ஒரு முறை உண்டு. பாடியதைவிடக் கொஞ்சம் குறைவான நேரத்தில் முடித்துக்கொள்வது மரியாதை. தமயந்தி பாதி நேரத்திலேயே முடித்துவிடுவாள். ஆனால் நான் அவ்வளவு நேரம் தேடித் தேடிக் கிடைக்காத ஒன்றை அதற்குள் எடுத்துக் காட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வில்லைக் கீழே வைப்பாள். எனக்குக் கோபமும் வரும், கண்ணில் தண்ணீரும் வரும்.

அவள் இசையமைக்க ஆரம்பித்தது ஒரு நாட்டிய நாடகத்துக்கு. பிறகு வேதாரண்யம் உப்பளப் பெண்களைப் பற்றி ஒரு ஆவணப்படம். அவர்கள் உப்பை வாருகிற காட்சிக்கு இரண்டே வயலின், வேறொன்றும் இல்லை. படம் பரிசு வாங்கியது. "நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அதை மொபைலில் போட்டுப் போட்டுக் கேட்டதை அவளிடம் சொல்லவில்லை. என் பக்கத்தில் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறவள் தலைக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று மலைப்பாக இருந்தது.

செப்டம்பர் 2

குரல் திரும்பிவிட்டது. முதல் வார்த்தை தண்ணீர் லாரிக்காரருக்குப் போனது. அதை இங்கே எழுத முடியாது.

செப்டம்பர் 21

நேற்று திருச்சியில் கச்சேரி. குரல் நன்றாகவே ஒத்துழைத்தது. முக்கியமான பாட்டில், சரணத்தின் இரண்டாம் வரிக்கு முன்னால் ஒரு நிறுத்தம் கொடுத்தேன். அழகுக்காக. பெரிய பாடகர்கள் அப்படிச் செய்வதுண்டு. தமயந்தி என்ன நினைத்தாளோ, நான் எடுப்பதற்குள் அடுத்த வரியைத் தானே வாசித்துவிட்டாள். அதைப் பிடித்துக்கொண்டு நான் பாட வேண்டியதாயிற்று. பக்கவாத்தியம் முந்துவதாவது?

திரும்பும்போது காரில் கேட்டேவிட்டேன்.

"என்னடி, எனக்கு முன்னாடி ஓடுற? இப்பவே பெரிய இசையமைப்பாளர் ஆயிட்டோம்னு நினைப்பா?"

"சாரிக்கா. தெரியாம வந்துடுச்சு."

மிருதங்கம் வாசிக்கிற வரதன் முன் சீட்டில் இருந்தார். காரில் ஏறினால் வாய் ஓயாத மனிதர். விழுப்புரம் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

செப்டம்பர் 30

பெருங்காயம் வாங்கிவந்தேன். அலமாரியைத் திறந்தால் ஏற்கெனவே மூன்று டப்பா இருக்கிறது. தெருமுனைக் கடைக்காரர் ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

அக்டோபர் 8

விருகம்பாக்கத்தில் தமயந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேஜை, சோபா, ஃபிரிட்ஜ் தலை எல்லாம் காகிதம். மேல்நாட்டு முறையில் ஐந்து கோடு போட்டு எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அந்த முப்பது பேரும் சினிமா ரெக்கார்டிங்கில் வாசிக்கிறவர்கள், எழுதியதைப் பார்த்துத்தான் வாசிப்பார்கள். அவர்களை நடத்தப்போகிறவர் ஜெபராஜ் என்பவர். அவரும் முன்னாள் சினிமா வயலின்காரர், இப்போது வேப்பேரியில் சர்ச் பாடகர் குழு நடத்துகிறார்.

"ஜெபராஜ் சார் 'மேடம், உங்க சுருதி என்ன?'ன்னு கேட்டாருக்கா. நான் 'யாருக்கு வாசிக்கணும் சார்?'னு கேட்டேன். முழிக்கிறாரு மனுஷன்."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பாடுகிறவர் குரல் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதற்குத் தந்தியை முறுக்கிக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. எனக்கு ஒன்று, மறுநாள் ஓர் ஆண் பாடகருக்கு வேறொன்று. அவளுக்கென்று ஒன்று இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான். ஆட்டோவில் வரும்போது சிரிப்பு போய்விட்டது.

இசைக்குப் 'புறப்பாடு' என்று பெயர் வைத்திருக்கிறாள். கோயிலில் சாமி புறப்படுகிற காலை. தனி வயலின்தான் சாமி. அது முதலில் கிளம்பும். பின்னால் இரண்டு பேர், நான்கு பேர் என்று சேர்ந்து முப்பது பேரும் தெருவை நிறைத்துக்கொண்டு வருவார்கள். இரண்டாம் பாகத்தில் சாமி ஒரு சந்தில் திரும்பிவிடுகிறது, கூட்டம் ஒரு கணம் வழி தெரியாமல் நிற்கிறது. அந்த இடத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் எழுந்துபோய்ச் சமையலறையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இவளுடைய திறமைக்கு நான் என்னென்னவோ அளவு வைத்திருந்தேன், எல்லாம் சின்ன அளவு.

நவம்பர் 15

வேப்பேரி சர்ச் ஹாலில் முதல் ஒத்திகை. என்னையும் அழைத்தாள். நாற்காலிகளில் முப்பது பேர், நடுவில் சின்ன மேடை போட்டு அதில் தமயந்தி, வழக்கம்போல் சம்மணமிட்டு.

ஆரம்பித்தார்கள். மூன்று நிமிடம் நன்றாகப் போனது. அப்புறம் வேகம் குறைய ஆரம்பித்தது. இன்னும் குறைந்தது. பஞ்சர் ஆன சைக்கிளை உருட்டுகிற மாதிரி ஆகி, கடைசியில் நின்றேவிட்டது. ஜெபராஜ் மறுபடி ஆரம்பித்தார். மறுபடி அதே.

"மேடம், நீங்க முன்னாடி போங்க. நாங்க உங்க பின்னாலதான் வர்றோம்."

"இல்ல சார், நீங்க வாசிங்க. நான் பிடிச்சுக்கறேன்."

"நீங்கதான மேடம் சோலோ?"

அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் விஷயம் புரிந்தது. அவர்கள் தனி வயலினைக் கேட்டு அதன் பின்னால் வாசிக்கப் பழகியவர்கள். இவளோ யாராவது முன்னால் போனால் அரை மூச்சு பின்னால் போகப் பழகியவள். இவள் அவர்களுக்காகக் காத்திருக்க, அவர்கள் இவளுக்காகக் காத்திருக்க, சாமி தெருவிலேயே நின்றுவிட்டது. செல்லோக்காரர் ஒருவர் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. கூடவே, நான் இல்லாமல் இவளுக்கு ஆகவில்லையே என்று கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. எழுதிவிட்டேன், அதை அடித்து அழிக்கப்போவதில்லை.

நவம்பர் 24

டிரஸ்ட்காரர்களுக்குச் சேதி போய்விட்டது. சரிவராவிட்டால் தனி வயலினை பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து வாசிக்கட்டும், தமயந்தி இசையமைப்பாளராக மட்டும் இருக்கட்டும் என்கிறார்களாம். சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

"நான் எழுதினதக்கா. என் கையால வாசிக்கணும்னு எழுதினது. ஒரு தடவை பக்கத்துல வந்து உக்காருங்களேன்."

போய் உட்கார்ந்தேன். பாடவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன், தொடையில் தாளம் போட்டேன். என்ன ஆச்சரியம், முதல் பாகம் ஓர் இடத்தில்கூட நிற்காமல் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஜெபராஜ் என்னிடம் வந்து, "அம்மா, அரங்கேற்றத்தன்னிக்கு நீங்க முன் வரிசையில அவங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி உக்காந்தாப் போதும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஜாங்கிரி வாங்கிச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 8

இன்று ஒத்திகையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இரண்டாம் பாகம். சாமி சந்தில் திரும்புகிற இடம். அதற்கு முன்னால் ஒரு நீண்ட நிறுத்தம் உண்டு. நான் அதை மறந்துவிட்டேன். தலையை ஆட்டிவிட்டேன். தமயந்தி வாசித்துவிட்டாள். முப்பது பேரும் தடுமாறி, ஆளுக்கொரு பக்கம் போய், எல்லாம் சந்தைக்கடை ஆகிவிட்டது.

அது அவள் எழுதிய நிறுத்தம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் என் தலை போன பக்கம் அவள் வில் போனது. ஜெபராஜ் திரும்பிப் பார்த்ததும் உடனே சொன்னாள்:

"தப்பு என்னுது சார். மன்னிச்சுக்கங்க."

எவ்வளவு பழகிய குரலில் சொன்னாள்! யோசிக்கவே இல்லை. காரில் என்னிடம் சொன்ன அதே குரல். திருச்சியைப் பற்றி இன்று எழுத விருப்பமில்லை.

டிசம்பர் 10

காலையில் வரதனைக் கூப்பிட்டு, இருபத்தாறாம் தேதி என் கச்சேரிக்கு வேறு வயலின் ஏற்பாடு செய்யச் சொன்னேன்.

"தமயந்தி இல்லாமலாக்கா?" என்றார். "வேற ஆள்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்க்கா. அவங்கன்னா… பார்த்துப்பாங்க."

"எனக்கென்ன கஷ்டம்? நீங்க ஆளைப் பாருங்க."

மத்தியானமே தமயந்தி ஓடிவந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. இனிமே எனக்கு நீ வேண்டாம். ஒத்திகைக்கும் நான் வர்றதா இல்ல. உன் வேலையை நீ பாரு."

"கோவத்துல பேசுறீங்க."

"கோவம்தான். போ."

அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அவள் அம்மா போனபோதுதான். பிடிவாதமாக வாசலிலேயே நின்று, அரங்கேற்றத்தன்றாவது முன் வரிசையில் உட்காருவேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் போனாள். அவள் போனதும் குக்கரில் சாதம் கரிந்திருந்தது. அதையே மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 19

ஜெபராஜ் போன் செய்தார். நிற்காமல் போகிறதாம், ஆனால் உயிரில்லையாம். பெங்களூர்க்காரருக்குத் தனி வயலின் பகுதியை அனுப்பிவிட்டார்களாம். "நீங்க வந்துட்டா சரியாயிடும்மா" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு வர முடியாது என்றேன்.

டிசம்பர் 26

என் கச்சேரி. புதிதாக வந்த வயலின்காரர் பெயர் முரளீதரன். நல்ல கை, நல்ல பணிவு. மூன்றாவது பாட்டில் அனுபல்லவி முடிந்தது. சரணம் வரவில்லை.

ஒரு வார்த்தைகூட வரவில்லை. முரளீதரன் மரியாதையாக எனக்காகக் காத்திருந்தார். நல்ல பக்கவாத்தியக்காரர் அப்படித்தான் காத்திருப்பார். தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு நேரத்தில் எத்தனை தடவை அந்த வில் என்னைத் தூக்கிவிட்டிருக்கும் என்று நினைத்தேன். அழகுக்காக நிறுத்தினேன் என்று எத்தனை தடவை நானும் நம்பியிருப்பேன்.

மைக்கில் சொல்லிவிட்டேன். "மறந்துபோச்சு. யாருக்காவது தெரிஞ்சா எடுத்துக் கொடுங்க."

சபை சிரித்தது. மூன்றாம் வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து கூச்சப்பட்டுக்கொண்டே வரியைப் பாடினார். நான் வாங்கிப் பாடினேன். கூரை இடிந்து விழவில்லை. இனி புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு பாடப்போகிறேன். யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

டிசம்பர் 31

டிரஸ்ட் கடைசியில் இறங்கிவந்துவிட்டது. அழைப்பிதழில் பெயர் அச்சாகிவிட்டதால் தமயந்தியே வாசிப்பாள். சரியாக வந்தால் சரி, இல்லாவிட்டால் ஊர் முன்னால் மானம் போகும். "நீங்க உக்காந்திருப்பீங்கள்லக்கா?" என்று போனில் கேட்டாள். உம் என்றேன்.

ஜனவரி 5

நேற்று நடந்ததை இன்று காலை காபி குடித்துவிட்டு எழுதுகிறேன்.

எழும்பூர் அரங்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டேன். முன் வரிசையில் நடுநாயகமாக என் பெயர் ஒட்டிய நாற்காலி. அதில் உட்காரத்தான் போனேன். நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டதும் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும், எனக்குத் தெரியும். என் வேகத்தில் நடக்கும். நான் தப்பினால் அவளும் தப்புவாள், தப்பு என்னுது என்று எல்லோரிடமும் சொல்வாள். மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு இருந்தது. அதற்கு வெளியே, நடைபாதையில், டீ கேன் வைத்திருந்த மேஜைக்கு அருகில் போய் நின்றுகொண்டேன். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன்.

திரை விலகியது. தமயந்தி அரக்குப் பட்டில் வந்து உட்கார்ந்தாள். முதல் வேலையாக என் நாற்காலியைப் பார்த்தாள். காலி. வரிசை முழுவதும் தேடினாள். ஜெபராஜ் கோலைத் தூக்கிக்கொண்டு அவளுக்காக நின்றார். முப்பது வில்லும் தயாராக இருந்தன. அவள் வில்லைத் தூக்கவில்லை. சபையில் ஒருவர் இருமினார். இன்னொருவர் இருமினார். என்னால் தாங்க முடியவில்லை. பாவி, இப்படிப் பண்ணிவிட்டேனே, உள்ளே ஓடிவிடலாம் என்று கதவில் கையை வைத்துவிட்டேன். ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் அவள் கண்ணில் பட்டிருப்பேன்.

அப்போது அவள் நாற்காலியிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டாள். வில் தந்தியில் விழுந்தது.

அது நான் ஒத்திகையில் கேட்ட வேகமே இல்லை. தாராளமாக, யாருக்கும் காத்திருக்காமல், வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிற பெண்பிள்ளையின் நடையில் போனது. ஜெபராஜ் திகைத்துப்போய்ப் பிடித்துக்கொண்டார். பின்னால் இருவர், நால்வர், முப்பது பேர். சந்து திரும்புகிற இடத்தில் அவள் அந்த நிறுத்தத்தை எழுதியதைவிட நீளமாகவே நிறுத்தினாள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் கையில் இருந்தது. இருபத்தொரு வருடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் வயலினின் குரல் எப்படி இருக்கும் என்று நேற்றுத்தான் கேட்டேன். அதுவரை அதன் மேல் நான் பாடிக்கொண்டிருந்தேன். அந்தக் கதவருகே நின்று குழந்தை மாதிரி அழுதேன். டீ ஊற்றுகிறவர் நாற்காலி கொண்டுவரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன்.

முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்றது. தட்டினார்கள், தட்டினார்கள், நிறுத்தவே இல்லை. கூட்டம் குறைந்த பிறகு கிரீன் ரூமுக்குப் போனேன். மாலையும் கழுத்துமாக நின்றாள்.

"டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்டி," என்றேன். "கடைசிக் கொஞ்சம்தான் கேக்க முடிஞ்சுது."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொய் சொல்லாதீங்கக்கா. ரெண்டாம் பாகத்துலயே பார்த்துட்டேன். கதவை முழுசாத் தள்ளிட்டுத் தாளம் போட்டுக்கிட்டு நின்னீங்க."

"பார்த்தியா?"

"பார்த்தேன். அந்த நிறுத்தத்துக்கிட்ட தப்பாப் போட்டீங்க." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நான் உங்ககூட வரலக்கா" என்றாள்.

இத்தனை வருடத்தில் என் தப்பை அவள் என் முகத்துக்கு நேரே சொன்னது இதுதான் முதல் தடவை. மாலை நசுங்குவதைக்கூடப் பார்க்காமல் அவளைக் கட்டிக்கொண்டேன்.